லிங்கசுகூருக்கு ட்ரான்ஸ்ஃபர், கர்நாடகான்னா பெங்களூருன்னு நெனச்சிட்டு இருந்த எனக்கு யாராவது சொல்லுங்களேன்

கம்மனஹள்ளி_கயல்

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரு வந்து பதினோரு வருஷம் ஆகுது, பேங்க் வேலை, எந்த பேங்க்னு மட்டும் கேக்காதீங்க. போன மாசம் ப்ரமோஷன் வந்துச்சு, மைசூர்பாக் வாங்கி ஃப்ளோர் முழுக்க குடுத்தாச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சரைக்கு சிஸ்டத்தை ஷட்டவுன் பண்ணப் போறப்ப மெயில் வருது, போஸ்டிங் லிங்கசுகூராம். இருபது நாள்ல ஜாயின் பண்ணணும். மேப்ல தேடிப் பாத்தா ராய்ச்சூர் டிஸ்ட்ரிக்ட், இங்கேருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல போகுது, சென்னையே முன்னூத்தம்பது தான். மாமியார் "அது ஆந்திராவாம்மா"ன்னு கேக்கறாங்க, எனக்கே சந்தேகமாத்தான் இருந்துச்சு.

வெக்கத்தை விட்டு சொல்றேன், இந்த பதினோரு வருஷத்துல நான் பாத்த கர்நாடகா மைசூர், ஒரு தடவை கூர்க், நந்தி ஹில்ஸ் நாலு தடவை, அவ்ளோதான். ஆஃபீஸ்ல கேட்டா ஒருத்தர் "வெயிலும் கல்லும் தான் மேடம் அங்க"ங்கறார், இன்னொருத்தர் "தங்கச் சுரங்கம் இருக்கு, ஜாக்பாட்"ங்கறார். தங்கம்னா கே.ஜி.எஃப், அதான் கோலார் தங்கவயல் தானே, அதைத்தான் மூடிட்டாங்களே?

வாடகை, ஸ்கூல் பத்தி வேற இடத்துல கேட்டுக்கறேன். எனக்கு அந்த மண்ணு எப்படி, ஏன் இங்க இருக்கற மாதிரி இல்ல, தண்ணி எங்கேருந்து வருது, என்ன வெளையுது, ஹம்பி தவிர பழைய கதை ஏதாவது இருக்கா, இதெல்லாம் தெரிஞ்சா போதும். பையன் ஏழாவது படிக்கறான், லீவுக்கு வந்தா "இங்க என்னம்மா இருக்கு"ன்னு கேப்பான், பதில் வேணும்.

ஃபில்டர்காபி_குமார்

மொத பதில் என்னுது. ஏர்கூலர் இங்கயே வாங்கி பார்சல்ல போட்டுடுங்க. மீதிய பெரியவங்க சொல்லுவாங்க.

சிந்தனூர்_ரிட்டர்ன்

மேடம், ஆந்திரா இல்ல, ஆனா மாமியார் கேட்டதுலயும் ஒரு ஞாயம் இருக்கு. அந்தப் பக்கம் 1956 வரைக்கும் ஹைதராபாத் ஸ்டேட், அதுல 1948 வரைக்கும் நிஜாம் ஆட்சி. மைசூர், பம்பாய், ஹைதராபாத், மெட்ராஸ், கூர்க்னு அஞ்சு எடத்துலேருந்து துண்டு துண்டா எடுத்து ஒட்டினது தான் இப்ப இருக்கற கர்நாடகா, அப்பவும் பேரு மைசூர் ஸ்டேட் தான், 1973 நவம்பர் 1ல தான் கர்நாடகான்னு ஆச்சு. உங்க ஏரியாவ ரொம்ப நாளா ஹைதராபாத் கர்நாடகான்னு சொல்லிட்டு இருந்தாங்க, 2019ல கல்யாண கர்நாடகான்னு பேர் மாத்தினாங்க. கடைத்தெருவுல கன்னடம், தெலுங்கு, உருது மூணும் ஒரே வாக்கியத்துல வரும், பயப்படாதீங்க, ஒரு மாசத்துல காது பழகிடும்.

நான் சிந்தனூர்ல மூணு வருஷம் ரைஸ்மில் மெஷின் சர்வீஸ்ல இருந்தேன், உங்க ஊருக்கு எத்தனையோ தடவை போயிருக்கேன். ஒரு ஐடியா சொல்றேன், மொத தடவை நைட் பஸ்ல போகாதீங்க, பகல்ல கார்ல போங்க, மண்ணு மாறறத கண்ணால பாக்கலாம். தும்கூர், சிரா வரைக்கும் செம்மண்ணு, கேழ்வரகு, தென்னை. சித்ரதுர்கா தாண்டினா வானம் பெருசாயிடும், மரம் கொறஞ்சிடும். ஹொசபேட்டை கிட்ட பாறை பாறையா ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி வெச்ச மாதிரி மலை. துங்கபத்ரா தாண்டி கொஞ்ச தூரம் போனதும் ஒரு எடத்துல தரையே கறுப்பாயிடும். அங்க அதை எரெ பூமின்னு சொல்லுவாங்க, நம்ம கோவில்பட்டி, விருதுநகர் பக்கம் இருக்கற கரிசல் தான். மழை பேஞ்சா செருப்புக்கு கீழ அரை கிலோ ஒட்டிக்கும், ஒரு தடவை வயல்ல ஒத்தைச் செருப்ப விட்டுட்டு வந்திருக்கேன், எடுக்கவே முடியல. சித்திரை வெயில்ல அதே மண்ணு வெடிச்சு கை போற அளவுக்கு பொளந்து கெடக்கும்.

மண்ணு மாறின ஒடனே தட்டும் மாறிடும். நீங்க இங்க பாக்கற களி உருண்டை, அதான் முத்தே, அங்க இல்ல. ஜோளத ரொட்டி தான், கையால தட்டி தட்டி செய்யறது, அந்த சத்தம் காலைல தெருவெல்லாம் கேக்கும், கூட எண்ணெகாயி, அதாவது மசாலா அடைச்ச கத்திரிக்கா, சேங்கா சட்னிப்பொடி, அதாவது நம்ம வேர்க்கடலைப் பொடி. கறுப்பு மண்ணு ஈரத்த புடிச்சு வெச்சுக்கும், அதனால மழை நின்னப்புறமும் சோளம், கடலைன்னு வெதைச்சு எடுத்துடுவாங்க. துவரை, பருத்தி நெறைய.

தண்ணி. கிருஷ்ணாவுக்கும் துங்கபத்ராவுக்கும் நடுவுல இருக்கற நெலம் அது, ராய்ச்சூர் தோவாப்னு சரித்திர புக்ல வரும். ரெண்டு பெரிய ஆறு ரெண்டு பக்கம் ஓடியும் நடுவுல வறட்சி தான், மழை வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் தான் பேயும். இதே ஸ்டேட்ல ஆகும்பேல 7000 தாண்டுது பாருங்க. மேற்குத் தொடர்ச்சி மலை மேகத்தையெல்லாம் அங்கயே கறந்துடுது, நமக்கு வர்றது மிச்சம் மீதி. 1953ல துங்கபத்ரா டேம் கட்டி இடதுகரை கால்வாய் வந்தப்புறம் கங்காவதி, சிந்தனூர் பக்கமெல்லாம் நெல்லுக்கு மாறிடுச்சு. நீங்க கம்மனஹள்ளி கடைல வாங்கற சோனா மசூரி மூட்டைய திருப்பி பாருங்க, பாதி அங்கேருந்து வந்திருக்கும். ஆனா கறுப்பு மண்ணுல தண்ணிய தேக்கி தேக்கி உப்பு பூத்துப் போன வயலும் நெறைய பாத்திருக்கேன், வெள்ளையா சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி கெடக்கும், பாக்கவே சங்கடமா இருக்கும். லிங்கசுகூர் பக்கம் வேற கணக்கு, கிருஷ்ணா மேல நாராயணபுரா டேம், அதோட வலதுகரை கால்வாய்த் தண்ணி, வாய்க்கா எட்டாத ஊர்ல மானாவாரி தான்.

வெயில் பத்தி ஆஃபீஸ்காரர் சொன்னது உண்மை. பெங்களூரு 900 மீட்டர் ஒசரத்துல ஒக்காந்திருக்கு, ராய்ச்சூர் டவுன் 400 தான். ஏப்ரல், மே 40 தாண்டும். கூலர் விஷயத்துல குமார் சொன்னது ஜோக் இல்ல.

வெறும்வாய்

அவங்க தண்ணி பத்தியெல்லாம் நமக்கு எதுக்கு சொல்லிக்குடுக்கறீங்க, காவிரில ஒழுங்கா விடச் சொல்லுங்க மொதல்ல.

ஃபில்டர்காபி_குமார்

அண்ணே, காவிரிக்கு தனி த்ரெட் இருக்கு, நாப்பது பக்கம் ஓடிட்டு இருக்கு, அங்க போய் சண்ட போடுங்க. இது கிருஷ்ணா ஆத்து த்ரெட். அப்புறம் பெல்லந்தூர்ல நாம குளிச்ச தண்ணி தென்பெண்ணைல எறங்கி ஓசூர் வழியா கடலூர் வரைக்கும் போவுது, அத விடாம தான் அனுப்பிட்டு இருக்கோம், நொரையோட.

கல்லும்_கதையும்

கயல் மேடம், போறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை காலைல பையனைக் கூட்டிட்டு லால்பாக் போங்க. பூ பாக்க இல்ல, கெம்பேகௌடா கோபுரம் நிக்கற அந்தப் பாறை மேல ஒக்காருங்க. எல்லாரும் அங்க செல்ஃபி எடுத்துட்டு எறங்கிடுவாங்க, பக்கத்துலயே போர்டு இருக்கும், யாரும் படிக்கறதில்ல. அந்தக் கல்லுக்கு வயசு சுமார் 300 கோடி வருஷம். நைஸ்னு சொல்லுவாங்க, வெள்ளையும் சாம்பலும் வரி வரியா ஓடும், கையால தடவிப் பாத்தா வரி தெரியும். தெக்கு கர்நாடகாவுக்கு அஸ்திவாரமே அதான், அது உதிந்து உதிந்து ஆனது தான் நம்ம செம்மண்ணு.

இந்த நைஸ் பாறைக்கு நடுவுல பட்டை பட்டையா வேற ஒரு கல் ஓடுது, ஷிஸ்ட், பச்சையும் கறுப்புமா இருக்கும், பழைய எரிமலைக் கொழம்பும் வண்டலும் அழுந்தி மடிஞ்சு உருவானது. கர்நாடகாவோட கஜானா பூரா இந்தப் பட்டைக்குள்ள தான் இருக்கு. கோலார் பட்டைல தங்கம், சண்டூர் பட்டைல இரும்பும் மாங்கனீசும், குத்ரேமுக்ல இரும்பு. குத்ரேமுக்ல காட்டைக் காப்பாத்த கோர்ட் உத்தரவு போட்டு 2005 கடைசில தோண்டறத நிறுத்தினாங்க. நீங்க போற ஊருக்குப் பக்கத்துலயே ஹட்டி-மஸ்கி பட்டை ஓடுது. பேங்க்காரங்க லாக்கர் பக்கத்துலயே போஸ்டிங் போட்டுட்டாங்க.

கறுப்பு மண்ணுக்கு, வடக்கே பெலகாவி, விஜயபுரா, பீதர் பக்கம் எரிமலைக் கொழம்பு ஓடி ஒறைஞ்ச தக்காணப் பாறை தான் பெரிய காரணம், அது வயசுல சின்னப் புள்ள, ஆறரைக் கோடி வருஷம் தான். கருநாடுங்கற பேரே கறுப்பு மண்ணு நாடுங்கறதால வந்துச்சுன்னு ஒரு கட்சி, இல்ல ஒசந்த நாடுங்கறதால வந்துச்சுன்னு இன்னொரு கட்சி. என் ஓட்டு ரெண்டாவதுக்கு, ஏன்னா தமிழ்நாட்டுலேருந்து எந்தப் பக்கமா வந்தாலும் மலை ஏறித் தானே வரணும். சிலப்பதிகாரத்துலயே கருநாடர்னு வருது.

இந்தப் பாறைகளுக்கு தார்வார்னு பேர் வெச்சது ராபர்ட் புரூஸ் ஃபூட். அவரை நமக்கு வேற விதத்துல தெரியும், 1863ல பல்லாவரத்துல கற்காலக் கருவி கண்டுபிடிச்சாரே, அதே ஆள். அவர் உங்க ஏரியா முழுக்க சுத்தி சாம்பல் மேடுகளைப் பத்தியும் எழுதி வெச்சிருக்கார். நாலாயிரம் அஞ்சாயிரம் வருஷத்துக்கு முன்னாடி மாடு மேச்சவங்க, பட்டிச் சாணத்தைக் குவிச்சுக் குவிச்சு கொளுத்தியிருக்காங்க, தீயில அது உருகி கசடு மாதிரி இறுகி மேடாவே நிக்குது, ராய்ச்சூர், பல்லாரி பக்கம் நெறைய உண்டு. லிங்கசுகூர் தாலுகாவுல முத்கல் பக்கத்துல பிக்லிஹால்னு ஒரு ஊரு, அங்க பாறைல மாடு மாடா வரைஞ்சு வெச்சிருக்காங்க, திமில் கொம்போட. முத்கல்ல கோட்டை ஒண்ணும் இருக்கு, பையனுக்குப் புடிக்கும். விஜயநகரத்துக்காரங்களும் சுல்தான்களும் அந்த தோவாப்புக்கு அடிச்சுக்கிட்டது கொஞ்சநஞ்சமில்ல, 1520ல கிருஷ்ணதேவராயர் ராய்ச்சூர் கோட்டையைப் புடிச்சது வரைக்கும் வரும். அது பிந்தின கதை, விட்டுடறேன், ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்.

ராபர்ட்சன்பேட்டை_ராஜ்

கே.ஜி.எஃப் பேரு வந்ததும் ஓடி வந்துட்டேன். நான் அங்க பொறந்தவன், தாத்தா குடியாத்தம் பக்கத்துலேருந்து மைன்ஸ்க்கு வந்தவர், அப்பாவும் அண்டர்கிரவுண்ட் தான். இப்ப நான் பெங்களூருல, ஆனா இன்னமும் எங்க ஊர்ஜனம் காலைல இருட்டுல மாரிகுப்பம் ட்ரெயின் ஏறி இங்க வேலைக்கு வந்து ராத்திரி திரும்புது.

மேடம் கேட்டது சரி தான், எங்க மைன்ஸ் 2001 பிப்ரவரி 28ல மூடினாங்க. 1880ல ஜான் டெய்லர் கம்பெனி ஆரம்பிச்சது. அதுக்கு முன்னாடி லைசென்ஸ் வாங்கி தோண்டிப் பாத்தவர் லவெல், அவர் பேர்ல தான் உங்க லவெல்லி ரோடு, அங்க ஒரு காபி முன்னூறு ரூபாய்க்கு குடிக்கறப்ப எங்களை நெனச்சுக்கோங்க. மூடற வரைக்கும் மொத்தமா 800 டன் தங்கம் எடுத்திருக்காங்க. மூணு கிலோமீட்டருக்கும் கீழ எறங்கியாச்சு. காவிரில இருக்கற சிவசமுத்திரம் பவர் ஹவுஸ்லேருந்து 1902ல எங்களுக்கு கரண்டு வந்துச்சு, பெங்களூருக்கு 1905ல தான். இத எங்க ஊர்க்காரன் எவன் கிட்ட பேசினாலும் அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுவான், நானும் சொல்லிட்டேன்.

அப்பா சொல்லுவார், கூண்டுல எறங்கறப்ப காது அடைச்சுக்கும், கீழ போகப் போக பாறையே சுடும், சட்டைய கழட்டி புழிஞ்சா தண்ணி கொட்டும்னு. ராக் பர்ஸ்ட், அதாவது அழுத்தம் தாங்காம கீழ பாறை வெடிக்கறது, ஆச்சுன்னா மேல லைன் வீட்ல அலமாரில இருக்கற பாத்திரம் ஆடும், அம்மா பேசிட்டு இருந்த பேச்ச அப்படியே நிறுத்திடுவாங்க, யாரு எந்த ஷிஃப்ட்ல இருக்கான்னு மனசுக்குள்ள கணக்கு ஓடும். தங்கம் தீந்துடுச்சுன்னு மூடல, ஆழம் அதிகம், ஒரு டன் கல்லுல வர்ற தங்கம் கொறஞ்சு போச்சு, செலவு கட்டுப்படியாகல. ஊரைச் சுத்தி சயனைடு டம்ப், அதான் தங்கம் பிரிச்செடுத்தப்புறம் மிஞ்சின கல்லுத்தூள், மட்டும் மலையா நிக்குது, காத்தடிச்சா தூளு வீட்டுக்குள்ள வரும்.

ஹட்டி அப்படி இல்ல, ஸ்டேட் கவர்மெண்ட் கம்பெனி, இன்னும் ஓடுது, லிங்கசுகூர்லேருந்து பக்கம் தான். வருஷத்துக்கு ஒரு டன்னுக்கு மேல எடுக்கறாங்க, நாட்டுல இப்ப பூமிலேருந்து தோண்டற தங்கத்துல பெரும்பகுதி அதான். நகைக்கடை பக்கம் போறப்ப நம்ம ஜனம் வாங்கற கணக்கப் பாத்தா அது மூக்குத்தி அளவு கூட வராது, அது வேற விஷயம். அங்க புதுசா ஷாஃப்ட் போட்டவங்க பழைய காலத்து சுரங்கத்தையே பாத்திருக்காங்க, அறுநூறு அடி ஆழம் வரைக்கும். சுமார் ரெண்டாயிரம் வருஷப் பழசு. வெடிமருந்து கெடையாது, பாறைல வெறகு அடுக்கி தீ மூட்டி, நல்லா சூடேறினதும் தண்ணி ஊத்தினா பாறை வெடிச்சுடும், அத சுத்தியால பேத்து மேல தூக்கியிருக்காங்க. அந்த அடி ஆழத்துல, அந்தப் புகைல. எங்கப்பாகிட்ட சொன்னேன், கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல, அப்புறம் "காத்து எப்படிடா போச்சு அவனுங்களுக்கு"ன்னு மட்டும் கேட்டார்.

கம்மனஹள்ளி_கயல்

ராஜ் தம்பி, உங்க பதில மாமியாருக்கு வாசிச்சுக் காட்டினேன், அவங்க அண்ணன் கூட ஃபீல்ட்ஸ்ல இருந்தவராம், இத்தனை வருஷமா சொல்லவே இல்ல எங்கிட்ட.

கல்லும்_கதையும் சார், மஸ்கின்னு சொன்னீங்களே, எனக்கு குடுத்த பிராஞ்ச் லிஸ்ட்ல அதுவும் இருக்கு, மாசம் ஒரு தடவை நான் போய் பாக்கணும். அசோகர் கல்வெட்டு இருக்கற மஸ்கி அதுவா? அசோகர் பாட்னாக்காரர் ஆச்சே, இவ்ளோ தூரம் எதுக்கு வந்தார்?

கல்லும்_கதையும்

அதே மஸ்கி தான். சிந்தனூர்-லிங்கசுகூர் ரோட்லயே இருக்கு.

1915ல பீடன்னு ஒரு என்ஜினியர் அந்தப் பக்கம் தங்கம் தேடி அலைஞ்சிட்டு இருந்தார், தங்கத்துக்குப் பதிலா ஒரு பாறைல எழுத்து கெடைச்சுது. அதுக்கு முன்னாடி நாடு பூரா கெடைச்ச கல்வெட்டுல எல்லாம் தேவானாம்பிய பியதசி, அதாவது கடவுளுக்குப் பிரியமானவன்னு பட்டம் மட்டும் தான், ராஜா பேரு இல்ல. இலங்கைப் பழைய நூல்களை வெச்சு இது அசோகர் தான்னு முடிவு பண்ணியிருந்தாங்க. மஸ்கில தான் பட்டத்தோட சேத்து அசோகன்னு பேரே வெட்டியிருந்துச்சு. ஆதார் கார்டு கெடைச்ச மாதிரின்னு வெச்சுக்கோங்க.

எதுக்கு வந்தார்னு கேட்டீங்க. மேப்ல புள்ளி வெச்சுப் பாருங்க. மஸ்கி, கொப்பள்ல ரெண்டு, பல்லாரிப் பக்கம் நிட்டூர், உதேகோளம், சித்ரதுர்கா பக்கம் பிரம்மகிரி, சித்தாபுரா, ஜடிங்க ராமேஸ்வரா. எல்லாம் ஷிஸ்ட் பட்டைக்கு அக்கம்பக்கத்துல தான் விழுது. பிரம்மகிரி கல்வெட்டு ஆரம்பிக்கறதே சுவர்ணகிரிலேருந்து இளவரசரும் மகாமாத்திரர்களும், அதாவது பெரிய அதிகாரிங்களும், இசிலாவுல இருக்கற அதிகாரிங்களுக்கு எழுதறதுன்னு. சுவர்ணகிரின்னா தங்கமலை. தெக்குப் பக்கத்து ஹெட் ஆஃபீஸ், மேல ஒரு இளவரசர், கீழ இசிலாவுல பிராஞ்ச். தர்மம் பரப்பத்தான் வந்தார்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக்குடுத்தாங்க, இருக்கட்டும், ஆனா ஹெட் ஆஃபீஸுக்கு தங்கமலைன்னு பேரு இருக்கறப்ப எனக்கு வேற சந்தேகம் வருது.

சிந்தனூர்_ரிட்டர்ன்

சார், சுவர்ணகிரி மஸ்கி தான்னு முடிவாயிடுச்சா? கங்காவதி பக்கம் கனககிரிக்காரங்க எங்க ஊரு தான்னு சொல்லுவாங்களே.

கல்லும்_கதையும்

முடிவாகல, மஸ்கிங்கறவங்களும் உண்டு, கனககிரிங்கறவங்களும் உண்டு. இந்தச் சுத்துவட்டாரம்ங்கற வரைக்கும் பெரும்பாலும் ஒத்துக்கறாங்க. கனககிரி போனீங்கன்னா கங்காவதி பக்கத்துலயே ஹிரேபெணகல்லும் பாத்துடுங்க, நம்ம ஊர் மலைகள்ல கல்திட்டை, அதான் பழங்காலத்து கல்லறை, இருக்கே, அது அங்க நூத்துக்கணக்குல, ஒரு மலை மேல தெரு தெருவா நிக்கும், கல்லுல வட்டமா ஓட்டை போட்டு.

இன்னொண்ணு, கலபுரகி டிஸ்ட்ரிக்ட்ல சன்னதின்னு ஒரு ஊரு, பீமா ஆத்தங்கரை. 1986ல அங்க காளி கோயில் கூரை இடிஞ்சு விழுந்துச்சு, சிலைக்கு அடியில பீடமா இருந்த பலகையப் பாத்தா அசோகர் கல்வெட்டு. அதுக்குப் பக்கத்துல கனகனஹள்ளில தோண்டினப்ப ராஜா ராணி சிற்பம், மேல பிராமி எழுத்துல ராய அசோகோன்னு பேரு. எத்தனை தலைமுறை அந்தக் காளிக்கு சூடம் காட்டியிருப்பாங்க, கீழ என்ன இருக்குன்னு தெரியாமயே.

வெறும்வாய்

அப்ப நம்ம ஆளுங்க யாரும் அந்தப் பக்கம் போகலையா?

கல்லும்_கதையும்

போனாங்க வந்தாங்க ரெண்டும் உண்டு. கன்னட நாட்டோட மொத சொந்த ராஜ்ஜியம்னு சொல்ற கடம்பர்களே காஞ்சிபுரத்துல நடந்த ஒரு சண்டைல ஆரம்பிச்சது. மயூரசர்மான்னு ஒரு பிராமணர் காஞ்சி கடிகைல, அதாவது அந்தக் காலத்துக் கல்லூரில, படிக்கப் போனார், அங்க பல்லவக் குதிரைக்காரனோட தகராறு, படிப்ப விட்டுட்டு வாளெடுத்துட்டார், பனவாசில ராஜா ஆயிட்டார், நாலாம் நூற்றாண்டு. தாளகுந்தா கல்வெட்டுல இது பூரா இருக்கு. மூணு நூற்றாண்டு கழிச்சு 642ல நரசிம்மவர்ம பல்லவன் பாதாமிக்குப் போய் ஊரையே புடிச்சான், வாதாபி கொண்டான்னு பட்டம். அதுக்கப்புறம் சோழனும் வந்தான், பழைய தமிழ் எழுத்தப் பாக்க நீங்க ராய்ச்சூர் எல்லாம் போக வேணாம், தொம்லூர் சொக்கநாதர் கோயிலுக்கு ஆட்டோ புடிங்க, செவுத்துல தமிழ் கல்வெட்டே இருக்கு.

ஃபில்டர்காபி_குமார்

நான் தொம்லூர்ல ஆறு வருஷமா பிரியாணி சாப்பிடறேன், கோயில் இருக்கறதே இப்ப தான் தெரியுது.

கம்மனஹள்ளி_கயல்

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ். இன்னிக்கு காலைல லால்பாக் போயிட்டு வந்தோம். பையன் போர்ட முழுசா படிச்சான், அப்புறம் பாறைல காத வெச்சு "உள்ள ஏதாவது கேக்குதா"ன்னு பாத்தான், வாக்கிங் வந்த பெரியவர் ஒருத்தர் அவனோட சேந்து தானும் காத வெச்சார். வர்ற பதினெட்டாம் தேதி பகல்ல தான் கெளம்பறோம், கார்ல, குக்கர், ரெண்டு பெட்டி, மாமியார். அவங்களும் வர்றேன்னுட்டாங்க, ஹட்டிய பாக்கணுமாம். சிந்தனூர் சார், ஒத்தைச் செருப்பு கெடைச்சா எடுத்து வெக்கறேன்.

ராபர்ட்சன்பேட்டை_ராஜ்

அக்கா, ஒரே ஒரு ஒதவி. எங்க ஊர்ல ஷிஃப்ட் மாறறப்ப சங்கு ஊதுவாங்க, கடிகாரமே தேவையில்ல, அரிசி ஒலையில போடறது கூட அந்தச் சங்குக்கு தான். ஹட்டில இன்னும் ஊதறாங்களான்னு பாத்து சொல்லுங்க. ஊதினா ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி போடுங்க, அப்பாவுக்கு போட்டுக் காட்டணும்.